புருவம் பார்த்துப் போடும் உப்பு

கடை கம்பெனியாகி, கம்பெனி குழுமமாகி, கடைக்காரர் சேர்மன் ஆன கதையை அவரிடமே கேட்டால் சாப்பாடு ஆறிவிடும். சுருக்கமாக இவ்வளவுதான்: நாலு பெஞ்சு போட்ட சாப்பாட்டுக்கடை ஒன்று இருந்தது. உள்ளே சமைத்தவள் மனைவி. கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டியவர் கணவர். சாப்பிட வந்த ஒருவர், "இதே சாப்பாட்ட எங்க ஆபீஸ் விழாவுக்குக் கொண்டாந்து போட முடியுமா?" என்று கேட்டார். போட்டார்கள். அதைச் சாப்பிட்ட இன்னொருவர் கேட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொண்டே வந்து ஒருநாள் திரும்பிப் பார்த்தால், இரண்டு உணவகம், கப்பல் மாதிரி ஒரு சமையல்கூடம், வரிசையாக வண்டிகள், தலையில் வலைத்தொப்பி மாட்டிய ஒரு பட்டாளம். இதற்குத் தொலைநோக்கு என்று சேர்மன் பெயர் வைத்தார். பொய்யில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் கையில் இருக்கிற மெனு கார்டு அவருக்குத் தெரியாது.

வளர்ந்த கையோடு எல்லாருக்கும் பட்டம் கொடுத்தார்கள். பாத்திரம் கழுவுகிறவர் 'சுகாதார நிர்வாகி' ஆனார். தொட்டி அதே தொட்டி. கேட்டில் நிற்கிறவர் 'பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்' ஆனார். கால் உடைந்த அதே நாற்காலி. வெங்காயம் கொட்டி வைத்திருந்த அறையைக் காலி செய்து, நீள மேசை போட்டு, போர்டு ரூம் என்று எழுதினார்கள். எத்தனை பூங்கொத்து வைத்தாலும் அங்கே நடந்த ஆலோசனையிலெல்லாம் வெங்காய வாடை அடித்தது. வெளியூரில் வணிகம் படித்துவிட்டு வந்த மகன் 'வியூக இயக்குநர்' ஆனான். வியூகத்துக்குள் போன கதையெல்லாம் நாம் கேட்டிருக்கிறோம். இயக்கினவனை இப்போதுதான் பார்க்கிறோம்.

பட்டம் ஒட்டாமல் மிஞ்சியவள் சேர்மனின் மனைவிதான். 'தலைமைச் சுவை அதிகாரி' என்று மகன் அட்டை அடித்துக் கொடுத்தான். காய் நறுக்கும் மேசை ஆடிக்கொண்டிருந்தது. அட்டைகளை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தாள், ஆட்டம் நின்றது. கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. அக்கா வாய் வைக்காமல் வண்டி கிளம்பாது.

சட்டம் வந்த வழி இது. வெகுநாள் முன்பு அக்கா ஒரேயொரு தடவை ஊருக்குப் போனாள், தங்கச்சி வீட்டுக்கு. அரைநாள் பஸ். போன அன்றைக்கு இங்கிருந்து ஒரு விருந்துக்குக் கெட்ட பாலில் செய்த இனிப்பு போய்விட்டது. மேடையில் பேசவேண்டியவர் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாளே சேர்மன், அப்போது வெறும் கடைக்காரர், போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை அவள். அதற்கப்புறம் எங்கேயும் போகவில்லை.

காலையில் அக்கா ரப்பர் செருப்பும் ஒரு தேக்கரண்டியும் வெந்நீர் டம்ளருமாக அண்டா அண்டாவாகச் சுற்றுவாள். ஒரு வாய் வைப்பாள், வெந்நீரால் கொப்பளிப்பாள், அடுத்தது. வலது புருவம் ஏறினால் உப்புப் பத்தவில்லை. உதடு குவிந்தால் புளிப்பு கூட. ஒன்றும் ஆகாவிட்டால், "போகட்டும்."

சமையல் மாஸ்டர் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். எதிலும் முழு உப்பு போடமாட்டார். கடைசிக் கை உப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பார். புருவம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு விரல் திறக்கும். கண்டக்டரும் டிரைவரும் விசிலில் பேசிக்கொள்கிற மாதிரி, வருஷக்கணக்கில் இவர்கள் புருவத்தில் பேசிக்கொண்டார்கள்.

மகன் இதைப் பார்த்தான். ஒரு பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டான். வெளியே மெத்தை நாற்காலி. ஆர்டர் கொடுத்த பார்ட்டிகள் அங்கே உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டே, தங்கள் சாப்பாட்டில் அக்கா வாய் வைப்பதைப் பார்க்கலாம். விருப்பமிருந்தால் உள்ளே வந்து படமும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வண்டியின் பக்கவாட்டிலும் அக்காவின் முகம், ஆள் உயரத்துக்கு. கையில் கரண்டி, முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு போட்டோக்காரருடையது. அவர் சிரித்துக் காட்டியதை அக்கா வாங்கி மாட்டிக்கொண்டாள்.

தங்கச்சியின் போன் வந்தது ஒரு மத்தியானம். தங்கச்சி தையல்காரி. கல்யாணம் காட்சி இல்லாமல், ஒரு அறையில் மிஷினோடு மிஷினாக இருப்பவள்.

"அக்கா, வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. எடுத்துடணுமாம். அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க."

"ஐயோ, என்னடி சொல்ற! எப்பலேருந்து?"

"எப்பலேருந்தோ. மிஷின் மிதிச்சு மிதிச்சு இடுப்பு வலிக்குதுன்னு நெனச்சேன். பயப்படாத, எடுத்தா சரியாப் போகுமாம்."

"நான் என்ன செய்யணும் சொல்லு. பணம்..."

"பணத்துக்கா போன் பண்ணினேன்? அதெல்லாம் இருக்கு. மயக்க மருந்து குடுக்குறதுக்கு முன்னால பக்கத்துல ஒரு மூஞ்சி தெரிஞ்சாப் போதும். முழிக்கும்போது இன்னொரு தடவ. நீ வந்து உக்காந்தாப் போதும்க்கா."

"வர்றேன்டி."

"இப்படித்தான் அஞ்சாறு வருஷமா வந்துக்கிட்டிருக்க."

"இந்தத் தடவ வர்றேன்."

அன்றைக்கு ராத்திரி சேர்மனிடம் சொன்னாள். அவர், "போலாம், போலாம், பேங்க் பொன்விழா ஆர்டர் முடியட்டும்" என்றார். ஆர்டர் விழுகிற தேதியும் ஆபரேஷன் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தாலும் வாய் வைக்க ஆள் வேண்டுமே, ஸ்வெட்டரோடு சுற்றினாள். காய்ச்சல் போயிற்று. போகும்போது எதையோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று போர்டு ரூமில்தான் அவளுக்குத் தெரிந்தது. ஏதோ கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்தாள். வெங்காய வாடை அடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பச்சை வெங்காயத்தைக் கடித்தாள். ஈரக் காகிதத்தைக் கடித்த மாதிரி இருந்தது. மிளகாயைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். எரிந்தது, அவ்வளவுதான், எரிச்சலுக்கு ருசியில்லை. உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை, அப்புறம் ஒரு விரல், அப்புறம் அரைக் கை. மணல்.

நாளைக்கு வந்துவிடும் என்று இருந்தாள். வரவில்லை. காலையில் கரண்டியும் வெந்நீருமாகப் போனாள், வாய் வைத்தாள், "போகட்டும்" என்றாள். வண்டி போயிற்று. மறுநாளும். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு வண்டி கேட்டைத் தாண்டும்போதும் அவள் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயாவது ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் ஒரு வாரம் போனபின், பயத்துக்கு அடியில் சின்னதாக வேறொன்று தலைகாட்டியது. நாக்கே இல்லாதவளை எதற்குப் பிடித்து வைப்பார்கள்? பாலம் உடைந்தால் டோல்கேட்டில் ஆள் எதற்கு?

இதை நினைத்த அன்றைக்கு அக்கா பரணில் இருந்த பையை இறக்கித் தூசி தட்டினாள்.

சேர்மன் சுழல் நாற்காலியில் இருந்தார். அதைச் சுழற்றி அவருக்கு இன்னும் பழக்கமில்லை. திரும்ப நினைத்தால் எழுந்து நின்று, நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு உட்காருவார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. சீக்கிரம் சொல்லு, மீட்டிங் இருக்கு."

"யாரோட?"

"உன் மகனோடதான்."

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு."

"அப்படீன்னா?"

"ருசி தெரியல. வாசனையும் தெரியல. காய்ச்சல் வந்ததுலேருந்து."

சேர்மன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"டாக்டர்கிட்ட?"

"வீட்டுக்கு வந்தப்பக் காட்டினேன். வரலாம், வராமலும் போலாம்ங்கிறார்."

"அவர் வெளிய சொல்லமாட்டாருல்ல? நம்ம ஓட்டல்லதான அவர் சாப்பிடுறார்?" என்று கேட்டுவிட்டு, உள் போனில் மகனைக் கூப்பிட்டார். மகன் வந்தான். கேட்டான். நெற்றியைத் தேய்த்தான்.

"அப்போ இத்தனை நாளா போன ஆர்டரெல்லாம்?"

"கண்ண மூடிட்டு அனுப்பினேன்."

"கம்ப்ளெயின்ட் ஒண்ணும் வரலியேம்மா!" அவன் போனை எடுத்துத் தடவினான். "வரலங்கிறது மட்டுமில்ல, பாராட்டு வந்திருக்கு. இதக் கேளுங்க: 'வயிற்றைத் தொந்தரவு செய்யாத நாகரிகமான உணவு.' இது ஒரு டாக்டர்கள் சங்கம். இன்னொண்ணு: 'உங்கள் சமையலில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது.' இது ரிட்டயர்ட் நீதிபதி."

"முதிர்ச்சியா?" என்றார் சேர்மன்.

அக்காவுக்கு மாஸ்டரின் மூடிய கை ஞாபகம் வந்தது. புருவம் ஏறவில்லை. புருவம் ஏறாவிட்டால் விரல் திறக்காது.

"முதிர்ச்சியும் இல்ல, முருங்கக்காயும் இல்ல. உப்பு. எல்லாத்துலயும் கடைசிக் கை உப்பு போடாமப் போயிருக்கு."

மகனின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. கெட்டுப்போன பாலைத் திரட்டி இனிப்பென்று விற்கிறவன் முகத்தில் வருமே, அந்த வெளிச்சம்.

"அப்பா, இது தனி மெனு. 'லைட்' மெனு. விலை கொஞ்சம் கூட வைக்கலாம்."

"உப்பு போடாததுக்கா?"

"போடாம இருக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்ப்பா."

சேர்மன் மகனைப் பெருமையோடு பார்த்தார். தான் பெற்றது வீண்போகவில்லை.

"சரி, நல்லாருங்க," என்றாள் அக்கா. "அப்போ நான் கிளம்பலாம்ல?"

"எங்க?"

"தங்கச்சிகிட்ட. அதான் எனக்கு வாய் வைக்கிற வேலை இல்லியே இனிமே."

அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். பிள்ளைகள் இப்படி நாற்காலியை இழுத்தால் தாய்மார்கள் எழுந்து ஓடிவிடவேண்டும்.

"அம்மா, பார்ட்டிங்க கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உக்காந்து எதப் பாக்குறாங்க? உங்க நாக்கையா? நாக்கு உள்ள இருக்கும்மா, யாருக்கும் தெரியாது. உங்களத்தான் பாக்குறாங்க. வண்டியில உங்க படம். ஆர்டர் குடுக்கும்போதே, 'அந்தம்மா இருப்பாங்கல்ல?'ன்னு கேக்குறாங்க. நாக்கு போனா போகட்டும்மா. நீங்க வந்து நின்னாப் போதும்."

தங்கச்சி உட்கார்ந்தால் போதும் என்றாள், மகன் நின்றால் போதும் என்கிறான். உடம்பு ஒன்றுதான் இருக்கிறது.

"வேற யாராவது வாய் வச்சுப் பாக்கட்டும். மாஸ்டர் இருக்காரு."

"மாஸ்டரை நீங்களே கேளுங்க," என்றான் மகன்.

கேட்கப் போனாள். மாஸ்டர் அடுப்புக்கு எதிரே வேர்க்க வேர்க்க நின்று, பெரிய துடுப்பால் சூப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். ஆவிக்கு நடுவே அவர் தொப்பி மட்டும் மிதந்தது.

"மாஸ்டர், நான் கொஞ்ச நாள் ஊருக்குப் போறேன். நீங்களே வாய் வச்சுப் பாத்து அனுப்பிடுங்க."

துடுப்பு நின்றது. "நானாக்கா?"

"ஆமா. சமைக்கிறவரு நீங்கதான?"

"அக்கா... எனக்குக் கொதிப்பு. உப்பு நாக்குல படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரொம்ப வருஷமாச்சு. நான் வாய் வைக்கிறதே இல்ல."

"அப்போ எப்படிச் சமைக்கிறீங்க?"

"கைக்கணக்கு. அப்புறம் உங்க புருவம்."

"வீட்ல?"

"வீட்ல அவ சமைக்கிறா. உப்பில்லாம. உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க, எங்க வீட்ல என் வயித்துல." அவர் குரலைத் தணித்தார். "ஏன்க்கா, கொஞ்ச நாளா உங்க புருவம் ஏறவே மாட்டேங்குது. உப்பு மூட்டை அப்படியே கெடக்கு. என் கைப்பக்குவம்தான் கூடிப்போச்சுன்னு நெனச்சு வீட்லகூடப் பெருமையாச் சொன்னேன்."

அந்த மனிதரின் ஒரே சந்தோஷத்தில் எதற்குக் கை வைப்பது?

"சரி, உதவியாளுங்க யாராவது?"

"அவனுங்களா? நான் ருசி பாப்பேன்னு அவனுங்க பாக்கிறதில்ல. நீங்க பாப்பீங்கன்னு நான் பாக்கிறதில்ல."

ஆகமொத்தம், ஆயிரக்கணக்கில் இலையும் தட்டும் நிரப்புகிற அந்தக் குழுமத்தில், சாப்பிடுகிறவர்களைத் தவிர யாருக்கும் சாப்பாட்டின் ருசி தெரியாது. சாப்பிடுகிறவர்களோ வண்டியில் இருக்கிற படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை, அக்கா யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து தெருவுக்குப் போக, கூடத்தின் முற்றத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். வீட்டை வளைத்துக் கூடம் வளர்ந்திருந்தது. லேசான தூறல். வண்டிகள் பின்கதவைத் திறந்துபோட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் அவளே நனைந்துகொண்டு சிரித்தாள்.

கேட்டில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்றார். "என்னக்கா, வெளிய?"

"ஆமா. திறங்க."

"வண்டி போறப்பதான் திறக்கிறது வழக்கம்."

"ஆள் போறதுக்குத் திறக்கமாட்டீங்களா?"

"ஆளு யாரும் இந்தப்பக்கம் போனதில்லியேக்கா," என்றார் அவர். பொய்யில்லை, அவர் வேலைக்கு வந்து அக்கா வெளியே போனதைப் பார்த்ததே இல்லை.

முதல் வண்டி டிரைவர் தலையை நீட்டினார். "அக்கா, இன்னும் வாய் வைக்கலியே? லேட்டாகுது."

"நீங்க போங்க தம்பி. நல்லாத்தான் இருக்கும்."

"வாய் வைக்காம எப்படிக்கா? நான் எடுத்துட்டுப் போயி, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலைதான உருளும்? அங்க பார்ட்டி வேற உக்காந்திருக்காங்க."

அவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றம் முழுக்க இன்ஜின் அடங்கிப்போயிற்று. தூறல் சத்தம் மட்டும் கேட்டது. தலையில் வலைத்தொப்பியோடு ஒவ்வொருவராக வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் நின்றார்கள். திட்டியிருந்தால்கூட அக்கா போயிருப்பாள்.

சேர்மன் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. கத்தவில்லை அவர். பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"போன தடவ நீ போனப்ப என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

அவ்வளவுதான். அக்கா திரும்பினாள். பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் தோளோடு அண்டா அண்டாவாகச் சுற்றினாள். வாய் வைத்தாள், கொப்பளித்தாள், போகட்டும் என்றாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ஒருவர் அந்தப் பையைக் காட்டி, "ரகசிய மசாலாவா?" என்று கேட்டார். மகன் மறுக்கவில்லை.

பஸ்ஸும் போயிற்று, ஆபரேஷனும் முடிந்தது. தங்கச்சியின் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்து நல்லபடியாக முடிந்தது என்றாள். மயக்கத்துக்கு முன்னால் யார் முகத்தைப் பார்த்தாள் என்று அக்கா கேட்கவில்லை. "சித்திக்கு நான் பாத்துக்கிறேன்மா," என்றான் மகன். வாய்வழியாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, தனி வண்டியில் சூப்பும் ரொட்டியும் அனுப்பி வைத்தான். "நீங்களே போன மாதிரி இருக்கும்."

மறுநாள்தான் பேங்க் பொன்விழா. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டை கட்டியவர்கள் நிறைந்திருந்தார்கள். அக்கா கரண்டியோடு படி இறங்கும்போது போன் அடித்தது.

"அக்கா..." தங்கச்சியின் குரல் நூலாக இருந்தது.

"எப்படிடி இருக்க? வலிக்குதா?"

"இருக்கேன். நேத்து வண்டி வந்துச்சுக்கா. ஜன்னல் வழியா உன் மூஞ்சி தெரிஞ்சுது. நீதான் வந்துட்டன்னு நெனச்சு எழுந்து உக்காரப் பாத்தேன், நர்ஸு வந்து திட்டிச்சு."

அக்கா படியிலேயே நின்றாள்.

"சூப்பு குடிச்சியா?"

"ரெண்டு வாய் குடிச்சேன். அக்கா, உனக்கு என்னாச்சு?"

"எனக்கென்ன?"

"உப்பே பத்தல. ஆஸ்பத்திரிக்காக் குறைச்சிருக்கீங்கன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்றா. இல்ல. உப்பு குறைச்சு வச்சாலும் நீ வச்சது எனக்குத் தெரியும். இது நீ வாய் வச்சதில்ல. உனக்கு உடம்புக்கு என்ன? மறைக்காமச் சொல்லு."

டாக்டர்கள் சங்கம் சாப்பிட்டது. நீதிபதி சாப்பிட்டார். வயிற்றைக் கிழித்துத் தைத்துப் படுத்திருக்கிறவள் இரண்டு வாயில் கண்டுபிடித்துவிட்டாள்.

"வாய் செத்துப்போச்சுடி," என்றாள் அக்கா. "மாசத்துக்கு மேல ஆச்சு."

"அப்புறம் ஏன் இன்னும் அங்க நிக்கிற?"

"போன வச்சிடாத. அப்படியே இரு," என்றாள் அக்கா. போனை அணைக்காமல் இடது கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். மகன் கண்ணாடிக் கதவைத் திறந்து, டை கட்டியவர்களை உள்ளேயே அழைத்து வந்திருந்தான். மாஸ்டர் அண்டாவுக்குப் பக்கத்தில் கையை மூடிக்கொண்டு நின்றார். சேர்மன் கோட்டுப் பித்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார்.

அக்கா அண்டாவுக்கு எதிரே போய் நின்றாள். கரண்டியை முக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. ஒரு மாசத்துக்கு மேல நான் சும்மாதான் வாயில வச்சு எடுக்குறேன். இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

சேர்மனின் பித்தான் தெறித்து எங்கேயோ உருண்டது. மாஸ்டரின் விரல் இடுக்கு வழியாக உப்பு உதிர்ந்தது.

பேங்க் மேலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "இவ்வளவு வருஷம் ருசி பார்த்த வாய், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுது. இதத்தான் நான் எங்க ஸ்டாஃப் மீட்டிங்ல ஓயாம சொல்றேன்." அவர் கை தட்டினார். மேலாளர் தட்டினால் பேங்க் தட்டும். பேங்க் தட்டினால் கூடத்து ஆட்கள் சும்மா நிற்க முடியுமா, அவர்களும் தட்டினார்கள். மகன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான்.

அக்கா போனைக் காதில் வைத்தாள்.

"என்னக்கா சத்தம்? அங்க மழையா?"

"இல்லடி. கை தட்டுறாங்க."

"எதுக்கு?"

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொன்னேன். அதுக்கு."

தங்கச்சி போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்போ விட்டுடுவாங்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மகன் ஒரு கையால் கூட்டத்தை அமர்த்திவிட்டு, மறு கையால் அவளைப் பார்த்து விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் ஒருவர் போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எங்கடி," என்றாள் அக்கா. "ஒருத்தர் வீடியோ எடுக்க மறந்துட்டாராம். இன்னொரு தடவ சொல்லச் சொல்றாங்க."